பழைய புல்லட்டில் சார்ஜ் ஏறவில்லையா? அளந்து பார்த்துக் குறைந்த செலவில் சரிசெய்யும் முறை

ராத்திரி ஹெட்லைட் மங்கும். ஹாரன் தொண்டை கட்டியதுபோல் முனகும். மறுநாள் காலையில் எத்தனை முறை கிக்கரை மிதித்தாலும் ஸ்பார்க் வராது. பழைய புல்லட் வாங்கும் பலர் முதல் வருஷத்திலேயே இதைச் சந்திக்கிறார்கள். உடனே போய் பேட்டரி வாங்குகிறார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதை. அடுத்தது சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், அதற்கும் அடுத்தது இன்ஜினுக்குள் கரண்டை உண்டாக்கும் காயில்களான ஸ்டேட்டர். மூன்றையும் மாற்றிய பிறகும் கோளாறு தீராமல் வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதிக்கு மேல் கெட்டிருந்தது ஒரு எர்த் ஒயர் அல்லது ஒரு கனெக்டர்.

அதனால் இந்த வழிகாட்டி கவரைத் திறப்பதில் தொடங்கவில்லை. மலிவானதும் கைக்கு எட்டுவதும் முதலில், விலை கூடியதும் உள்ளே இருப்பதும் கடைசியில் என்று போகிறது. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே எழுதியிருப்பது பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் தொடுமுனைகளால் ஸ்பார்க் வரும் முறை) உள்ள, காஸ்ட் அயர்ன் இன்ஜின் கொண்ட, 12 வோல்ட் புல்லட்டுக்கு. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள வண்டி. 6 வோல்ட் வண்டி என்றாலும் முறை இதுவே, வோல்டேஜ் அளவுகளை மட்டும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

1. எந்த முனை எர்த் என்று பாருங்கள்

பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் ஒயர் நெகட்டிவா, பாசிட்டிவா? பிரிட்டிஷ் வழியில் வந்த பழைய ஒயரிங்கில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அடுத்தடுத்து கைமாறிய வண்டியில் இடையில் யாராவது மாற்றியும் இருப்பார்கள். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள்.

பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால், ஏசி கரண்டை டிசியாக மாற்றும் ரெக்டிபையரின் டையோடு அந்த நொடியே போய்விடும். புது ரெகுலேட்டர் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கென்று வரும். அதைப் பாசிட்டிவ் எர்த் வண்டியில் அப்படியே மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இந்த வேலைக்கு நீங்கள் செய்யும் மிக லாபமான செலவு இதுதான். ஒரு ரெகுலேட்டரைத் தவறாக வாங்காமல் இருந்தாலே அதன் விலை திரும்பிவிடும்.

அத்துடன் பீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ரிங் ஸ்பேனர் செட், உப்புத்தாள், வாசலின், சோல்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அகலமான ஒரு ட்ரே, வேலை செய்யும் ஒரு பழைய 35 வாட் ஹெட்லைட் பல்பு. பல்பின் இரண்டு முனையிலும் ஒரு முழ ஒயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று ஆறாவது படியில் வரும்.

ஒயர் வாங்கும்போது வாகனங்களுக்கான மெல்லிய பல இழை ஒயரையே கேளுங்கள். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சியதைப் போடுபவர்கள் நிறையப் பேர். தடித்த இழை கொண்ட ஒயர் புல்லட்டின் அதிர்வில் சில மாதங்களில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். மேலே உறை முழுசாக இருப்பதால் முறிந்தது தெரியாது.

3. பேட்டரியை முதலில் தெளிவாக்குங்கள்

பேட்டரியைக் கழற்றி சார்ஜரில் மெதுவாக ஏற்றுங்கள். 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அரை ஆம்பியர் போதும், அதாவது கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. ஏறி முடிந்ததும் ஒரு ராத்திரி சும்மா வைத்துவிட்டுக் காலையில் அளங்கள். உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் கூடுதலாகக் காட்டும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் என்றால் நல்லது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.0-க்குக் கீழே நிற்கிறது என்றால், முழுதாக ஏற்றிய பிறகும் அதுதான் அளவு என்றால், பேட்டரி முடிந்துவிட்டது. அளவு நன்றாக இருந்தாலும் ஹெட்லைட் பல்பை ஒரு நிமிடம் பேட்டரியில் நேரடியாக எரியவிட்டுப் பாருங்கள். 11-க்குக் கீழே சரிந்தால் அது வெறும் தோற்றம் மட்டும்தான்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு அளக்கும் மற்ற எல்லா அளவும் பொய் சொல்லும். பேட்டரி வாங்க வசதி இல்லையென்றால் நண்பரின் வண்டியிலிருந்து அரை நாள் இரவல் வாங்கிச் சோதனைகளை முடியுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் முன் புதுப் பேட்டரி போட்டால் அதையும் அதே கோளாறு தின்றுவிடும்.

4. எர்த், கனெக்டர்: நம் ஊரில் பாதி வேலை இங்கேதான்

குமரி மாவட்டத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை, இரண்டும் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. செம்பு ஒயரின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறி, உறைக்குள்ளேயே ஒரு சாண் தூரம் போயிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு இந்த இடங்களை ஒவ்வொன்றாகத் திறங்கள்: பேட்டரி எர்த் சட்டத்தில் சேரும் போல்ட், சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் இடையிலான எர்த், ரெகுலேட்டர் உட்காரும் இடம், ஸ்டேட்டர் ஒயர் வெளியே வந்து சேரும் கனெக்டர், ஹெட்லைட் கூட்டுக்குள் அம்மீட்டரின் இரண்டு நட்டு. அம்மீட்டரை மறந்துவிடாதீர்கள். பேட்டரிக்குப் போகும் கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது. நட்டு லூசானால் சார்ஜ் அங்கேயே நின்றுவிடும்.

உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளில் தேயுங்கள். பெயின்ட் மேல் எர்த் போல்ட் போடாதீர்கள். முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். வாசலின் கரண்டைக் கடத்தாது, ஈரம் உள்ளே போகாமல் தடுக்கும். ஆகவே முதலில் இறுக்கம், பிறகு பூச்சு. களிம்பு ஏறிய ஒயரைச் செம்பு நிறம் தெரியும்வரை வெட்டி, புதுத் துண்டைப் பற்றவைத்து ஸ்லீவ் போடுங்கள். இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவர் மூன்றாவது பேட்டரியுடன் வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்டேட்டர் வாங்கப் பணமும் கையில் இருந்தது. இன்ஜின் எர்த் ஒயரைக் கையால் வளைத்தபோது உறைக்குள் அது துண்டாகக் கிடந்தது. ஒரு முழ ஒயரிலும் அதன் நுனியில் மாட்டும் இரண்டு லக்கிலும் வேலை முடிந்தது.

பியூஸ் இல்லாத வண்டி என்றால் பேட்டரியிலிருந்து புறப்படும் ஒயரில் 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றை இப்போதே சேர்த்துவிடுங்கள். எர்த் இல்லாத முனையில், பேட்டரிக்கு மிக அருகில். பழைய ஒயரிங் தீப்பிடிப்பதைத் தடுக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

5. ஓடவிட்டு அளங்கள்

பேட்டரியில் மீட்டரை டிசி வோல்டில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் வரும் அளவைப் பார்த்துக் கலங்காதீர்கள். ஐடிலில் பிரேக்கும் பிடித்தால் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்வது இந்த வண்டியின் இயல்பு. சாலையில் நாற்பது, ஐம்பதில் ஓடும்போது இருக்கும் அளவுக்குத் திருகிப் பிடியுங்கள்.

13.8-இலிருந்து 14.5 வோல்ட் வந்தால் சார்ஜிங் சரியாக இருக்கிறது. ஹெட்லைட் போட்ட பிறகும் 13-க்கு மேல் நின்றால் போதும். 12.6-லேயே அசையாமல் நின்றாலோ குறைந்துகொண்டே போனாலோ சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை. பேட்டரி கொதிக்கும், பல்பு ஒவ்வொன்றாகப் போகும்.

அளவு குறைவாக இருந்தால் உடனே எதையும் குறை சொல்லாதீர்கள். மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பிளஸ் வெளியீட்டிலும் மறு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வோல்டேஜை ஒயர் தின்கிறது. அதேபோல் பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால் நான்காவது படிக்கே திரும்புங்கள்.

சாவியை அணைத்த பிறகும் ராத்திரியில் பேட்டரி இறங்குகிறது என்றால், பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். இந்தப் பழைய வண்டியில் சாவி அணைந்தால் கரண்ட் ஓட ஒரு காரணமும் கிடையாது. ஏதாவது காட்டினால் ரெக்டிபையர் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். அளவு பூஜ்யமானால் டையோடு பின்பக்கமாகக் கசிகிறது.

ஒரு பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றி, வண்டி நிற்காவிட்டால் சார்ஜ் நல்லது என்று சொல்லும் முறை. பேட்டரி இல்லாதபோது வோல்டேஜ் எகிறி, நன்றாக இருந்த ரெகுலேட்டரையும் பல்பையும் எரித்துவிடும். சோதனையே கோளாறை உண்டாக்குகிறது.

6. ஸ்டேட்டரை வெளியிலிருந்தே சோதியுங்கள்

ஸ்டேட்டர் ஒயர் ரெகுலேட்டரோடு சேரும் கனெக்டரைக் கழற்றுங்கள். சார்ஜிங் காயிலின் இரண்டு ஒயரை அடையாளம் காணுங்கள். ஹெட்லைட்டுக்குத் தனிக் காயில் உள்ள வண்டியில் அதன் ஒரு முனை எர்த்தில் முடியலாம். அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

இன்ஜின் நின்றிருக்கும்போது ஓம் அளவில் பாருங்கள். இரண்டு ஒயருக்கும் இடையே ஒன்று, இரண்டு ஓமுக்குள் வர வேண்டும். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சிறிய அளவில் அந்த அரை ஓம் கூட ஏமாற்றும். பிறகு ஒவ்வொரு ஒயருக்கும் இன்ஜினுக்கும் இடையே பாருங்கள். சார்ஜிங் காயிலில் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் காயில் எர்த் ஆகிவிட்டது.

இப்போது மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி நிறைந்திருப்பதால் ஸ்பார்க்குக்குக் குறைவில்லை. ஆக்சிலரேட்டர் ஏற ஏற வோல்டேஜும் சீராக ஏறி, மிதமான வேகத்தில் 20-ஐத் தாண்ட வேண்டும்.

இத்துடன் நிறுத்திவிடுபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். சுமை இல்லாதபோது பலவீனமான காயிலும் வோல்டேஜ் காட்டும். அந்த 35 வாட் பல்பை இரண்டு ஒயருக்கும் குறுக்கே இணைத்து, ஐடிலைச் சற்று கூட்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பிரகாசித்தால் ஸ்டேட்டரும், அதற்குள் சுழலும் காந்தமான ரோட்டரும் நன்றாக இருக்கின்றன. அதற்கு மேல் திருகாதீர்கள், பல்பு போய்விடும். வோல்டேஜ் இருந்தும் பல்பு மஞ்சளாகவே மங்கி நின்றால் காயிலில் சுற்றுகள் ஒட்டிக்கொண்டன அல்லது ரோட்டரின் காந்தம் தளர்ந்துவிட்டது.

சூடாகவும் ஒருமுறை பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து இதே சோதனை. காயிலின் மேல்பூச்சு விரிசல் விட்டிருந்தால் குளிரில் ஒட்டாமல் சூட்டில் மட்டும் ஒட்டும். காலையில் நன்றாக ஏறி, திற்பரப்பு போய்த் திரும்பும்போது மட்டும் சார்ஜ் நிற்கிறது என்ற புகாருக்குக் காரணம் அநேகமாக இதுதான்.

7. ரெகுலேட்டர்: கடையில் கவனம்

ஸ்டேட்டர் தேறி, ஒயரும் தேறி, பேட்டரியில் மட்டும் அளவு வரவில்லை என்றால் ரெகுலேட்டரை மாற்றலாம். ரெக்டிபையர் தனியாக இருந்தால் மீட்டரின் டையோடு அளவில் பாருங்கள். ஒரு பக்கம் 0.4-இலிருந்து 0.7 வரை, முனைகளை மாற்றி வைத்தால் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் காட்டினாலோ இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலோ போய்விட்டது.

வாங்கும்போது நான்கு முனை என்று மட்டும் சொல்லாதீர்கள். சிறிய வண்டிகளுக்கான அரை அலை ரெகுலேட்டரும் (ஏசி அலையில் பாதியை மட்டும் பேட்டரிக்கு அனுப்புவது) நான்கு முனைதான், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதில் ஒரு முனை காயிலுக்கு, ஒன்று ஹெட்லைட்டுக்கு, ஒன்று பேட்டரிக்கு, ஒன்று எர்த்துக்கு. உங்களுக்கு வேண்டியது முழு அலை: இரண்டு ஏசி உள்ளே, ஒரு பிளஸ், ஒரு மைனஸ் வெளியே. அரை அலையை மாட்டினால் வண்டி ஓடும், பாதிச் சார்ஜ்கூட ஒழுங்காக ஏறாது, பழி ஸ்டேட்டர் மேல் விழும்.

காற்றுப் படும் இடத்தில், பெயின்ட் சுரண்டிய உலோகத்தின் மேல் மாட்டுங்கள். அதன் சூடு உடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சீட்டுக்கு அடியில் துணி, டூல் பையோடு சேர்த்துத் திணித்தால் சீக்கிரம் போய்விடும். இந்த ஒன்றைப் பழைய பொருளாக வாங்காதீர்கள்.

8. கவரைத் திறத்தல்

இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் ஸ்டேட்டர் அல்லது ரோட்டர் கெட்டிருப்பது உறுதியாகியிருக்க வேண்டும். உறுதியாகவில்லை என்றால் திறக்காதீர்கள்.

பேட்டரியைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இடது புட்ரெஸ்ட்டைக் கழற்றி, பிரேக் பெடலை ஒதுக்குங்கள். கிளட்ச் பக்கத்துக் கவரை நடுவில் உள்ள ஒரே நட்டு பிடித்திருக்கிறது. ட்ரேயை அடியில் வைத்த பிறகு அந்த நட்டைத் தளர்த்துங்கள், ஆயில் முழுவதும் அங்கேதான் கொட்டும். கவர் ஒட்டிக்கொண்டால் உள்ளங்கையால் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை இடையில் நுழைத்து நெம்பினால் அலுமினிய விளிம்பில் பள்ளம் விழும். அப்புறம் எந்த ரப்பர் போட்டாலும் ஆயில் கசியும்.

எதையும் தொடுவதற்கு முன் போனில் நான்கைந்து படம் எடுங்கள். முக்கியமாக ஸ்டேட்டரின் ஒயர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எந்த வழியாகப் பின்னால் போகிறது என்பது. ஸ்டேட்டரை முன்பின் மாற்றி மாட்டி, ஒயரைச் செயின் அறுத்துவிட்ட வண்டிகள் பல.

9. ஸ்டேட்டரும் ரோட்டரும் வெளியே

ஸ்டேட்டரின் மூன்று நட்டைக் கழற்றி நேராக இழுங்கள். காந்தம் பிடித்து இழுக்கும், கோணலாக இழுக்க வேண்டாம். பின்னால் ஒவ்வொரு ஸ்டட்டிலும் உள்ள ஸ்பேசர், வாஷர் எத்தனை என்று எழுதி வையுங்கள். ஸ்டேட்டர் ரோட்டருக்கு நேராக உட்காருவது அவற்றால்தான்.

ரோட்டரைக் கழற்ற வேண்டுமென்றால் டாப் கியரில் போட்டு ஒருவரைப் பின் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். நட்டு கழன்றதும் ரோட்டரைக் கையால் உருவுங்கள். சுத்தியலால் அடிக்காதீர்கள், அடி காந்தத்தைக் கெடுக்கும். ரோட்டரைத் தண்டில் பிடித்து நிறுத்தும் சாவித்துண்டு உள்ளே விழாமல் பார்த்து எடுங்கள். எடுத்த ரோட்டரை உடனே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டுங்கள். பட்டறைத் தரையில் வைத்தால் இரும்புத் தூள் முழுவதும் ஒட்டிக்கொண்டு, மாட்டிய பிறகு காயிலை உரசும்.

ரோட்டரின் நடு இரும்பைப் பிடித்து வெளிப்பகுதியை முறுக்கிப் பாருங்கள். லேசாக டிக் என்றாலும் உள்ளே ஆட்டம் கண்டுவிட்டது, வேறு ரோட்டர்தான்.

உரசிய தடம் இருந்தால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ரோட்டரைச் சுற்றிலும் தடம், ஸ்டேட்டரில் ஒரு பக்கம் மட்டும் தடம் என்றால் ஸ்டேட்டர் மையத்தில் இல்லை. மறுதலையாக, ரோட்டரில் ஒரே இடம், ஸ்டேட்டரில் சுற்றிலும் என்றால் ரோட்டரோ தண்டோ கோணல். இரண்டிலும் சுற்றிலும் இருந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். அப்போது புது ஸ்டேட்டர் போடுவது வீண், இன்ஜின் வேலைதான் முதலில்.

10. சுற்றுவதா, புதிதா?

இரும்பு அடுக்கு நன்றாக இருந்தால் காயிலை மறுபடி சுற்றுவது செலவு குறைந்த வழி. பம்பு மோட்டார் சுற்றும் பட்டறைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லியாக வேண்டும். பழைய சுற்றுகளை எண்ணி, அதே தடிமன் ஒயரில் அதே எண்ணிக்கை. அடுத்தடுத்த துருவங்களில் சுற்றும் திசை பழையதைப் போலவே. சூடான ஆயிலில் கிடக்கும் பொருள் என்பதால் வார்னிஷில் முக்கி எடுத்து, வெளியே வரும் ஒயருக்குக் கண்ணாடி இழை ஸ்லீவ். சாதாரண பிவிசி உறை ஆயிலில் ஊறி, இறுகி, வெடித்துவிடும். இதைச் சொல்லாததால்தான் பலருடைய சுற்றல் ஒரு வருஷம்கூட நிற்பதில்லை.

நீங்களே பழைய ஒயரைப் பிரித்துவிட்டுக் கொடுக்காதீர்கள், எண்ண ஒன்றும் மிஞ்சாது. ரோட்டரை மட்டும் பழைய பொருளாக வாங்கலாம். டிக் ஒலி இல்லாமல், கீறல் இல்லாமல் இருந்தால் போதும். பழைய ஸ்டேட்டரை வாங்குவதாக இருந்தால் ஆறாவது படியில் சொன்ன ஓம் சோதனையைக் கடை வாசலிலேயே செய்யுங்கள்.

11. மாட்டுதல்: இடைவெளிதான் உயிர்

ரோட்டருக்கும் ஸ்டேட்டரின் ஒவ்வொரு துருவத்துக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எஃகு பீலர் கேஜைக் காந்தம் இழுத்துக்கொள்ளும் என்பதால் கை தடுமாறும். நான் செய்வது இது: தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கை வெர்னியரில் அளந்து, 0.2 வரும் இடத்தில் ஆறு பட்டைகள் வெட்டுவேன். ஆறு துருவத்திலும் செருகி, நட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கி, பட்டைகளை உருவுவேன். எல்லாம் ஒரே மாதிரி வழுக்கி வந்தால் மையம் சரி. ஒன்று சிக்கினால் தளர்த்தி மறுபடியும்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கரை மெதுவாக அழுத்தி இன்ஜினைச் சுற்றி, நான்கு நிலையில் திரும்பப் பாருங்கள். ஒரு நிலையில் மட்டும் பார்த்தால் ரோட்டர் கோணல் தெரியாது.

கவரை மூடும் முன், இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினின் ஆட்டத்தைப் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் சுமார் 6 மில்லிமீட்டர். தளர்ந்த செயின் ஸ்டேட்டர் ஒயரை அறுக்கும். ஒயர் வெளியேறும் ரப்பரையும் கவர் ரப்பரையும் புதிதாகப் போடுங்கள். இரண்டும் மலிவு. பழையதை மிச்சம் பிடித்தால் ஆயிலாகக் கொட்டிப்போகும். ஆயிலை லெவல் ஸ்க்ரூ வழியாக வழியும்வரை மட்டும் ஊற்றுங்கள். அதிகமானால் கிளட்ச் வழுக்கும்.

12. இறுதிச் சோதனை

ஐந்தாவது படி அளவுகளை மறுபடி எடுங்கள். பழைய உரிமையாளர் 100 வாட் ஹெட்லைட் பல்பு போட்டிருந்தால் 35-க்குத் திரும்புங்கள், ஸ்டேட்டரும் ரோட்டரும் சேர்ந்த இந்த ஆல்டர்னேட்டர் அதற்கு மேல் சுமக்காது. பின் விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் எல்இடி போட்டால் ஐடிலில் பேட்டரிக்கு நல்ல ஆசுவாசம். வண்டி நின்ற பிறகு சாவியை ஆனிலேயே விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் இக்னிஷன் காயில் சூடேறி, பேட்டரியும் இறங்கும்.

ராத்திரி ஹெட்லைட் போட்டு தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் வரை போய்வாருங்கள். நின்று நின்று போகும் அந்த நெரிசல்தான் சரியான பரிசோதனை. வீட்டுக்கு வந்ததும் சாவியை எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் தொடுவதற்கு முன் பேட்டரியை அளங்கள். 12.6-க்குக் குறையாமல் இருந்தால் வேலை சரியாக முடிந்தது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் கவரின் நடு நட்டையும் எர்த் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கி, ஒயர் வெளியேறும் ரப்பரில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.